தண்ணீர் மரியாதைக்கு ஓடாது

நவம்பர் 9

அன்புள்ள மாமா,

வந்து சேர்ந்தேன். குழாய் தூக்கிய தோள் இன்னும் வலிக்கிறது. நலம் விசாரிப்பு இத்துடன் முடிந்தது, இனி வேலை.

"எதுக்கு மாப்பிள்ளை கடிதம், போன்ல பேசலாமே" என்றீர்கள். வேண்டாம். உங்கள் வீட்டில் சிக்னல் கிடையாது. பாலம் வரை நடந்து வந்து பேசினால் பால்காரர் பாதியைக் கேட்டு, மீதியைத் தானே சேர்த்து, வீடு வீடாக ஊற்றிவிட்டுப் போவார். இந்தப் பக்கம் உங்கள் மகள் போனைப் பிடுங்கிக்கொள்வாள். எழுதி அவரிடமே கொடுங்கள், தபாலில் போட்டுவிடுவார். உறையை நன்றாக ஒட்டுங்கள். முகவரி என் தொழிற்சாலை முகவரி, வீட்டு முகவரி அல்ல.

காரணம் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் தெரியாதவர் மாதிரி சிரிப்பீர்கள் என்பதால் எழுதி வைக்கிறேன். நம் வீட்டு நீதிபதியின் தீர்ப்பு இது: "அப்பாவுக்கு இன்சுலின் வேணும். இன்சுலினுக்கு ஃப்ரிட்ஜ் வேணும். ஃப்ரிட்ஜுக்குக் கரண்ட் வேணும். அங்க கரண்ட் வந்தா வரும், போனா போகும். அதனால அப்பா இங்க வந்துடணும்." மருந்துக்கடையில் வேலை பார்ப்பவளிடம் மருந்தைப் பற்றி யார் வாதாடுவது? நான் சொன்னது ஒன்றுதான். "உங்கப்பா வீட்டுக்கு மேல ஓடை ஓடுது. அதுலேர்ந்து நான் கரண்ட் எடுத்துக் காட்டறேன். வருஷம் பூரா ஃப்ரிட்ஜ் ஓடினா அவர் அங்கேயே இருக்கட்டும்." ஒப்புக்கொண்டாள். ஃப்ரிட்ஜ் நின்றால் மறுநாள் டாக்சியோடு வந்து நிற்பாள். உங்களுக்கு அந்த வீட்டை விட்டு வர விருப்பமில்லை என்று எனக்குத் தெரியும். என் விடுமுறை முழுவதும் தண்ணீரில் நின்றது அதற்காகத்தான்.

காலையில் எழுந்ததும் முதல் வேலை, மேலே தடுப்பணையில் குழாய் வாய்க்கு வைத்த வலை. இலைகளை வாரி எறியுங்கள். இலை உள்ளே போனால் கீழே தண்ணீர் பீய்ச்சும் முனை அடைத்துக்கொள்ளும், சக்கரம் நிற்கும். வால்வை மெதுவாகத் திறக்கவும், மெதுவாக மூடவும். படாரென்று மூடினால் மலையிலிருந்து ஓடி வருகிற தண்ணீர் எல்லாம் ஒரே இடத்தில் முட்டிக் குழாய் வெடிக்கும். பேரிங்குக்கு மாதம் ஒரு முறை கிரீஸ். சக்கரம் லோடு இல்லாமல் ஓடவே கூடாது. ஓடினால் வெறி பிடித்துச் சுற்றி ஜெனரேட்டரைத் தின்றுவிடும். இதை ஒரு முறை சொன்னேன், நீங்கள் தலையாட்டினீர்கள், அதுவே போதும் என்று நினைக்கிறேன்.

ஒவ்வொரு கடிதத்திலும் வோல்ட் மீட்டர் என்ன காட்டுகிறது என்று எழுதுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை

*

நவம்பர் 24

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளைக்கு, மாமா எழுதிக்கொள்வது.

நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்தது பற்றி மகிழ்ச்சி. தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். வெந்நீர் என்றதும் சொல்ல வேண்டும், மிச்சக் கரண்ட் போய்ச் சேரட்டும் என்று நீங்கள் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு கம்பிச் சுருள் வைத்தீர்களே, அது பிரமாதம். குழாயைத் திறந்தால் ஆவி பறக்கிறது. விறகுக் கட்டையைத் தொட்டே பல நாளாகிறது. ஃப்ரிட்ஜ் பிரமாதமாக ஓடுகிறது. சக்கரம் பிரமாதம். மீட்டர் 230.

நீங்கள் சொன்னது ஒன்றையும் மீறவில்லை. லோடு இல்லாமல் ஓடக் கூடாது என்றீர்கள் அல்லவா, அதனால் வீட்டில் உள்ள எல்லா விளக்குகளையும் போட்டே வைத்திருக்கிறேன். முன்னறை, சமையலறை, மகளின் அறை, மாடிப்படி, குளியலறை, எதையும் அணைப்பதில்லை. படுக்கும்போது கண்ணுக்கு மேல் துண்டைக் கட்டிக்கொள்கிறேன், ஒன்றும் சிரமமில்லை. பூச்சிகள்தான் உறவுக்காரர்கள் மாதிரி கூட்டமாக வந்து திரும்பிப் போக மாட்டேன் என்கின்றன. பல்லிகள் எல்லாம் தொப்பை போட்டுவிட்டன. பால்காரர் கேட்டார், "என்னங்க, வீட்ல கல்யாணமா? எனக்குச் சொல்லவே இல்லையே." "எங்க மாப்பிள்ளை போட்ட லைட்டு" என்றேன். "அணைக்கிறதுக்கு ஸ்விட்ச் போட மறந்துட்டாரா?" என்றார். பொறாமை, வேறென்ன.

குழந்தைக்கு (உங்களுக்கு நீதிபதி) என் ஆசிகள்.

அன்புடன்,
மாமா

*

டிசம்பர் 3

மாமா,

இன்றைக்கே எல்லா விளக்குகளையும் அணையுங்கள். கடிதத்தை மடித்து வைப்பதற்கு முன் எழுந்து போய் அணையுங்கள்.

நீங்கள் சொன்ன அந்தக் கம்பிச் சுருள்தான் லோடு. சுவரில் நான் மாட்டிய சாம்பல் நிறப் பெட்டி, வீட்டில் செலவாகாத கரண்டையெல்லாம் தானே அதற்குத் திருப்பிவிடும். அதற்காகத்தான் அது. நீங்கள் துண்டைக் கட்டிக்கொண்டு படுக்க வேண்டியதில்லை. நான் விளக்கியபோது புரியவில்லை என்றால் "புரியல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் வேகமாகப் பேசுகிறவன், தெரியும். நிறுத்தச் சொன்னால் நிற்பேன்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் "பிரமாதம்" அளவுக்கு மேல் இருக்கிறது. சமையலில் என்றால் உப்பு என்று பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு வேண்டியது சக்கரம் என்ன சத்தம் போடுகிறது, பேரிங் சூடாகிறதா, குழாய் எங்கே ஒழுகுகிறது என்பது. ஒரு இயந்திரம் ஒன்றுக்கும் முனகாமல் ஓடுகிறது என்று யாராவது சொன்னால் அவர் அதன் பக்கமே போகவில்லை என்று அர்த்தம்.

உங்கள் மகள் தினமும் கேட்கிறாள், "அங்க ஃப்ரிட்ஜ் ஓடுதா?" என்று. ஓடுகிறது என்கிறேன். "நீங்க எப்ப பாத்தீங்க?" என்கிறாள். மருந்துச் சீட்டைப் பார்க்கிற கண்ணாலேயே என்னையும் பார்க்கிறாள்.

மாப்பிள்ளை

*

ஜனவரி 11

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளைக்கு,

அணைத்துவிட்டேன். பல்லிகள் இளைக்கத் தொடங்கிவிட்டன.

நீங்கள் கோபித்துக்கொண்டது நியாயம்தான். ஆனால் என் பிழைப்பையும் நினைத்துப் பாருங்கள். இருபத்தாறு வருஷம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன். என் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்ள வருகிறவர் நேராகச் சுவரை நோக்கிப் போவார். "ஐயோ" என்று கத்தினால் அவர் ஸ்டீயரிங்கையும் விட்டுவிடுவார். அதனால் "பிரமாதமா ஓட்டறீங்க" என்று சொல்லிக்கொண்டே காலால் என் பிரேக்கை மிதிப்பேன். வண்டி நின்றுவிடும், அவர் தானே நிறுத்தியதாக நினைத்துக்கொள்வார். வாய்க்கு அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

நீங்கள் கேட்ட விவரங்கள்: முனையில் ஒரு நாள் நண்டு ஒன்று வந்து மாட்டிக்கொண்டது. ஒரு கொடுக்கை எனக்குக் காட்டிவிட்டுத்தான் வெளியே வந்தது. கிரீஸ் வைத்தேன். வலையைக் காலையில் சுத்தம் செய்கிறேன், இப்போது இலையும் அதிகம் வருவதில்லை. மருந்து நல்ல குளிர்ச்சியாக இருக்கிறது, நீதிபதியிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

குளிருக்கு வெந்நீர் போட விறகு வெட்டினேன். உடம்புக்கு நல்ல வேலை, வெந்நீரில் குளித்துவிட்டுச் சாப்பிட்டுப் படுத்தால் சமையலறைச் சுவர்க் கடிகாரம் டிக் டிக் என்று ஓடுவது அவ்வளவு துல்லியமாகக் கேட்கிறது. அப்படி ஒரு அமைதி.

மீட்டர் 230.

அன்புடன்,
மாமா

*

ஜனவரி 19

மாமா,

சக்கரம் ஓடவில்லை. சரியா?

தொட்டியில் ஆவி பறக்கிற வெந்நீர் இருக்கும்போது யாரும் குளிக்க விறகு வெட்ட மாட்டார்கள். இயந்திரக் கொட்டகை உங்கள் சமையலறைச் சுவரை ஒட்டி இருக்கிறது. அதை ஓடவிட்டு அந்தச் சமையலறையில் நான் படுத்திருந்தேன். நான் திட்டியது எனக்கே கேட்கவில்லை. உங்களுக்குக் கடிகாரம் கேட்கிறது. நான் ஃப்ரிட்ஜைப் பற்றிக் கேட்டேன், நீங்கள் மருந்து குளிர்ச்சியாக இருக்கிறது என்று எழுதுகிறீர்கள். எங்கே குளிர்ச்சியாக இருக்கிறது?

அப்புறம் அந்த 230. அந்த மீட்டரின் ஊசி ஒரு இடத்தில் நிற்காது, கோழி மாதிரி தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் 230 என்றால் மீட்டர் செத்துவிட்டது, இல்லை மீட்டரையே யாரும் பார்க்கவில்லை. பொய் சொல்ல வராதவர்கள் பொய் சொல்லக் கூடாது மாமா. உங்களுக்குச் சுத்தமாக வரவில்லை.

உங்கள் கடிதத்தை இன்னும் மகளிடம் காட்டவில்லை. அவளிடம் நேற்றும் "ஓடுது" என்று சொல்லிவிட்டேன். தெரிந்தே சொன்ன பொய் அதுதான் முதல். எனக்கும் வரவில்லை. காது சிவந்துவிட்டது, அவள் கவனித்தாள்.

என்ன நடந்தது என்று எழுதுங்கள். மரியாதை வேண்டாம். எப்போது நின்றது, எப்படி நின்றது, இன்சுலின் எங்கே?

மாப்பிள்ளை

*

ஜனவரி 28

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சரி.

டிசம்பர் முடிவில் நின்றது. அதற்கு முன்பே இருமத் தொடங்கியிருந்தது. ஓடை இறங்கியதும் குழாய் தண்ணீரோடு காற்றையும் சேர்த்து உறிஞ்ச ஆரம்பித்தது. சக்கரம் கொஞ்ச நேரம் சுற்றும், விக்கும், மறுபடி சுற்றும். விளக்கு மங்கிப் பளிச்சென்று எரிந்து மங்கியது. பயந்துபோய் வால்வை மூடினேன். மெதுவாகத்தான் மூடினேன். இப்போது குழாய் வாய்க்குக் கீழேதான் தண்ணீர் போகிறது, அதுவும் கணுக்கால் அளவு.

இன்சுலின் ஃபிளாஸ்கில் இருக்கிறது. ஃபிளாஸ்க் மேலே பாறைக் குட்டையில், கயிற்றில் கட்டித் தொங்குகிறது. கையை விட்டால் விறைக்கிற தண்ணீர். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த இடத்தில் கோடையில் தண்ணீர் நிற்காது என்று எனக்குத் தெரியும். கார் கழுவ வண்டியை அந்தக் கற்கள் மேல்தான் இறக்கி நிறுத்துவேன், டயர்கூட நனையாது. நீங்கள் மழை முடிந்த கையோடு வந்தீர்கள். இடுப்பளவு தண்ணீரில் குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு நின்று, "மாமா, இந்த இடம் எப்படி?" என்று கேட்டீர்கள். நான் "பிரமாதம்" என்றேன். சொல்லும்போதே என் கால் தரையை அழுத்தியது. அங்கே பிரேக் இல்லை.

ஏன் சொல்லவில்லை என்றால், வீட்டு மாப்பிள்ளை விடுமுறையை விட்டுவிட்டு எனக்காகக் குளிரில் நிற்கிறார், அவரிடம் "இது ஆகாது" என்று எப்படிச் சொல்வது? இன்னொன்றும் உண்டு. ஆகாது என்று தெரிந்தால் நீங்கள் மூட்டை கட்டிவிடுவீர்கள், நானும் கட்ட வேண்டும். அவளுடைய அம்மா போனபோது உங்கள் அடுக்குமாடி வீட்டில் வந்து இருந்தேனே, நினைவிருக்கிறதா? நீங்கள் இருவரும் அவ்வளவு நன்றாக வைத்துக்கொண்டீர்கள். நான் எழுந்தால் நீங்கள் எழுந்தீர்கள். ஒரு டம்ளரைக் கழுவப் போனால் கையிலிருந்து வாங்கிக்கொண்டீர்கள். பால்கனியில் ஒரு நாற்காலி எனக்கு. நாள் முழுவதும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தது போல இருந்தது, பிரேக் இல்லாத பக்கத்து இருக்கை.

அந்தப் பாறைக் குட்டை எப்போதும் வற்றியதில்லை. குழாயை அது வரை நீட்டினால் வருஷம் பூரா ஓடும் அல்லவா? பால்காரரும் அவர் மைத்துனரும் கை கொடுப்பார்கள். அதுவரை குழந்தையிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன்.

மாமா

*

பிப்ரவரி 6

அன்புள்ள மாமா,

முதலில் கெட்ட செய்தி. குட்டை உதவாது. அது வற்றாமல் இருப்பதே அதிலிருந்து ஒன்றும் வெளியே போகாததால்தான். குழாயைப் போட்டால் ஒரு மத்தியானத்தில் குடித்து முடித்துவிடும். நிற்கிற தண்ணீர் வேலை செய்யாது. நான் ஒரே ஒரு நாள் வாளியை வைத்து அளந்துவிட்டு வருஷத்துக்குக் கணக்குப் போட்டேன். கோடையில் எப்படி இருக்கும் என்று உங்களைக் கேட்கவே இல்லை. "எப்படி இருக்கு" என்று பாராட்டைத்தான் கேட்டேன், கிடைத்தது. தப்பில் பாதி என்னுடையது. மீதியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும் தண்ணீர் மரியாதைக்கு ஓடாது.

அடுத்து இன்னும் கெட்ட செய்தி. கடிதத்தை உங்கள் மகளிடம் காட்டிவிட்டேன். எல்லாக் கடிதங்களையும். நீங்கள் கெஞ்சியும் காட்டினேன். கயிற்றில் தொங்குகிற இன்சுலினை என்னால் மூடி மறைக்க முடியாது.

கத்துவாள் என்று நினைத்தேன். மேசையில் உட்கார்ந்து ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தாள். பல்லிக்குத் தொப்பை என்கிற இடத்தில் சிரித்தாள். ஃபிளாஸ்க் வந்ததும், "மூடிக்குள்ள தண்ணி போகாம இருக்கான்னு பாத்தாரா? அந்தக் குளிர் பரவாயில்ல" என்றாள். உங்கள் மருந்து பிழைத்தது. பால்கனி நாற்காலிக்கு வந்ததும் படிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து போய், கழுவின பாத்திரங்களையே மறுபடியும் கழுவினாள். பிறகு அங்கிருந்தே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"ஃப்ரிட்ஜ் ஓடுதா ஓடலையான்னு ரெண்டு பேரும் சேர்ந்து வருஷக்கணக்கா பாத்துக்குவீங்க. எனக்கு அப்பா வேணுமான்னு ஒருத்தரும் கேக்கல."

"நீதான இன்சுலின்னு சொன்னே" என்றேன்.

"அப்பா வாங்கன்னா வருவாரா? 'இங்க பிரமாதமா இருக்கேம்மா'ன்னுவாரு. அதான் மருந்தைச் சொன்னேன். மருந்துன்னா மறுக்க முடியாதில்ல."

ஆக, மாமா, நம் குடும்பத்தில் யாரும் யாரிடமும் நேராகப் பேசியதில்லை என்று தெரிகிறது. நடுவில் நான் ஒரு மின் நிலையம் கட்டியிருக்கிறேன்.

இப்போது என் திட்டம். அந்த இயந்திரம் வருஷம் முழுவதும் ஓடாது. மழை தொடங்கி டிசம்பர் வரை ஓடும், அதுவரை எந்தக் குறையும் இல்லை. ஓடை இறங்குகிற மாதங்களில் நீங்கள் இங்கே இருங்கள். ஓடை ஏறியதும் போய்விடுங்கள். உங்கள் மகளிடம் பேசிவிட்டேன். "எழுதிக் குடுங்க" என்றாள், கொடுத்தேன். யார் வீட்டில் யார் இருப்பது என்பதை இனி நாம் மூவரும் முடிவு செய்ய வேண்டாம், தண்ணீர் முடிவு செய்யட்டும். அதற்கு நம்மைவிட நேர்மை அதிகம்.

இது விருந்தழைப்பு அல்ல. சக்கரத்தைக் கழற்றிக் கொண்டு வாருங்கள். காற்றோடு ஓடியதில், தண்ணீர் வந்து அடிக்கிற அதன் கிண்ணங்கள் அரித்திருக்கும், பேரிங் மாற்ற வேண்டும், இரண்டு பேர் வேலை. பால்கனியில் நாற்காலியை எடுத்துவிட்டு ஒரு வேலை மேசை போட்டிருக்கிறேன். டம்ளரை நீங்களே கழுவிக்கொள்ளலாம், என்னுடையதையும்.

ஒரே ஒரு நிபந்தனை. இந்த வீட்டில் அந்த வார்த்தைக்கு இடமில்லை. சாப்பாடு உப்பாக இருந்தால் உப்பு என்று சொல்ல வேண்டும். முடியும் என்றால் எழுதுங்கள், பேருந்து நிலையத்துக்குக் காரை எடுத்துக்கொண்டு வருகிறேன்.

உங்கள் மாப்பிள்ளை

*

பிப்ரவரி 15

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மீட்டர் பூஜ்யம். இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

சக்கரத்தைக் கழற்றிவிட்டேன். இரண்டு நட்டு துருப்பிடித்து வரமாட்டேன் என்றன, பால்காரர் நீளக் குழாய் ஒன்றை ஸ்பேனரில் சொருகித் திருப்பினார். திருப்பும்போது அவர் உங்களைப் பற்றிச் சொன்னதை எழுதவில்லை, நேரில் சொல்கிறேன். கிண்ணங்களில் மூன்று அரித்திருக்கின்றன. கைப்பிடி போட்ட பையில் என் பழைய கம்பளியைச் சுற்றி வைத்திருக்கிறேன். குழாயில் தண்ணீரை வடித்துவிட்டேன், வலையைக் கழற்றிக் கொட்டகையில் மாட்டிவிட்டேன். கொட்டகைச் சாவி பால்காரரிடம். முதல் மழைக்கு ஓடை எந்தக் கல்லைத் தொடுகிறது என்று எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். எழுதுவார், கொஞ்சம் சேர்த்து.

குழந்தையிடம் நான் நேராகவே சொல்ல வேண்டியதை நேரில் சொல்கிறேன். அதை உங்கள் மூலம் அனுப்ப மாட்டேன்.

நிபந்தனைக்குச் சம்மதம். இப்போதே தொடங்குகிறேன். எல்லா விளக்கும் எரிந்த நாட்களில் சிரமமில்லை என்று எழுதினேன். தூக்கம் போனது, கண் எரிந்தது, அது பொய். ஆனால் சாயங்காலமும் ஒரு முறை வலையைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் மேலிருந்து இறங்கி வரும்போது, ஒவ்வொரு அறையிலும் விளக்கு எரியும். எல்லாரும் வீட்டில் இருக்கிற மாதிரி இருக்கும். அதனால்தான் புரியவில்லை என்று கேட்காமல் விட்டேனோ என்னவோ.

அடுத்தது உங்களைப் பற்றி. நீங்கள் வண்டி ஓட்டுவது மகா மோசம். கல்யாணமான நாள் முதல் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பிரமாதம் என்று சொல்லிவருகிறேன், உங்கள் காரில் என் பக்கத்துத் தரை விரிப்பு எப்படித் தேய்ந்தது என்று என்றாவது யோசித்தீர்களா? கிளட்சிலிருந்து காலை எடுப்பதே இல்லை. திரும்பி முடித்த பிறகு சிக்னல் போடுகிறீர்கள். முன்னால் போகிற லாரியோடு பேச்சுவார்த்தை நடத்தப் போவது மாதிரி நெருங்குகிறீர்கள். என் இருபத்தாறு வருஷத்தில் உங்களைவிட மோசமாக ஓட்டியவர் ஒரே ஒருவர்தான், அவர் என் சைக்கிள் மேல் ஏற்றினார்.

இதை எழுதியதும் மார்பிலிருந்து பாரம் இறங்கிய மாதிரி இருக்கிறது. இன்னும் இருக்கிறது, வந்து சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை பகல் பேருந்து. நீங்கள் காரைக் கொண்டுவருவதானால் கொண்டுவாருங்கள், குழந்தையையும் அழைத்து வாருங்கள். ஆனால் சாவியை என் கையில் கொடுத்துவிடுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சக்கரத்தை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், கனமாக இருக்கும். நான் எப்படி ஓட்டினாலும் வாயைத் திறந்து குறை சொல்லாமல் வீடு வரை வாருங்கள் பார்க்கலாம்.

மாமா